வேறு டொமைனில் உள்ள எஸ்.க்யூ.எல். சர்வருடன் இணைய முடியவில்லை, பிங் மட்டும் போகிறது: கோளாறு எங்கே?

பிங் போகிறது, ஃபயர்வாலும் திறந்திருக்கிறது என்கிறார்கள், ஆனாலும் இணைப்பு கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிழை எண்ணைத்தான் எழுதவில்லை. பிங் போவது அந்த இயந்திரம் இயங்குகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. எஸ்.க்யூ.எல். சர்வர் வழக்கமாகப் பயன்படுத்தும் 1433 என்ற போர்ட் (நெட்வொர்க் வாசல் எண்) திறந்திருக்கிறதா என்பதை பவர்ஷெல்லின் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையில் போர்ட் எண்ணையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் நிறுவனமும் எங்களுடையதைப் போல வேறொன்றோடு இணைக்கப்பட்டிருக்கும் என்று ஊகிக்கிறேன். டொமைன் என்பது பயனர் கணக்குகளையும் கணினிகளையும் ஒன்றாக நிர்வகிக்கும் விண்டோஸ் குழு. எங்கள் அறிக்கைச் செயலி பழைய டொமைனிலும், தரவுத்தளம் தாய் நிறுவனத்தின் டொமைனிலும் இருந்தன. முதலில் வந்தது பிழை 26, அதாவது சர்வரையோ இன்ஸ்டன்ஸையோ (ஒரே இயந்திரத்தில் தனித்து இயங்கும் எஸ்.க்யூ.எல். சர்வர் நிறுவல்) கண்டறிய இயலவில்லை. தனிப்பெயர் கொண்ட இன்ஸ்டன்ஸ் எந்த போர்ட்டில் இருக்கிறது என்பதை எஸ்.க்யூ.எல். பிரவுசர் சேவை யுடிபி 1434 வழியாகத்தான் சொல்லும். நடுவில் இருந்த ஃபயர்வால் அதை மறித்துவிட்டது. 2003 ஜனவரியில் ஸ்லாமர் புழு இதே 1434 வழியாகத்தான் உலகெங்கும் பரவியது என்பதால், நெட்வொர்க் குழுவினர் தயங்கியதை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களோடு மல்லுக்கட்டாமல் இன்ஸ்டன்ஸுக்கு நிலையான போர்ட் ஒன்றைக் கொடுத்து, இணைப்புச் சரத்தில் சர்வரின் பெயரை டொமைனோடு முழுமையாக எழுதி, காற்புள்ளியிட்டுப் போர்ட் எண்ணையும் சேர்த்தோம். குறும்பெயரை மட்டும் எழுதினால், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் உங்கள் டொமைனுக்குள்ளேயே தேடிவிட்டு, அப்படி ஒரு சர்வர் இல்லை என்று கைவிரித்துவிடக்கூடும்.

அடுத்து வந்தது 18452, நம்பிக்கைக்கு உட்படாத டொமைனிலிருந்து வரும் லாகின். இதைப் பார்த்ததும் மறுபடி ஃபயர்வாலைத் திட்டத் தொடங்குபவர்கள் உண்டு. ஆனால் இந்த எண் வந்துவிட்டாலே கோரிக்கை சர்வரை எட்டிவிட்டது என்றுதான் பொருள். இரு டொமைன்களுக்கும் இடையே டிரஸ்ட், அதாவது ஒரு டொமைனின் கணக்குகளை மற்றொன்று ஏற்கும் ஏற்பாடு, போடப்பட்டிருந்தது, திசைதான் மாறியிருந்தது. சர்வர் இருக்கும் டொமைன், பயனர் இருக்கும் டொமைனை நம்ப வேண்டும். இங்கே நாங்கள் அவர்களை நம்பினோம், அவர்கள் எங்களை நம்பவில்லை!

அதைத் திருத்திய பின் எஸ்எஸ்பிஐ (விண்டோஸின் அடையாளச் சரிபார்ப்பு இடைமுகம்) கான்டெக்ஸ்டை உருவாக்க இயலவில்லை என்று வந்தது. எஸ்.க்யூ.எல். சர்வர் எந்தக் கணக்கில் இயங்குகிறதோ அந்த சர்வீஸ் அக்கவுண்டை மாற்றியவர்கள், பழைய கணக்கில் பதிவாகியிருந்த எஸ்பிஎன்னை (சேவையை ஒரு கணக்கோடு இணைக்கும் பெயர்) நீக்காமல் விட்டிருந்தார்கள். அதனால் டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை தரும் டிக்கெட் பழைய கணக்கின் சாவியில் பூட்டப்பட்டு வந்தது. புதிய கணக்கால் அதைத் திறக்க முடியவில்லை. செட்எஸ்பிஎன் கட்டளையால் பழைய பதிவை நீக்கிப் புதிய கணக்கில் பதிந்ததும் இணைப்பு கிடைத்தது. இரு பக்கக் கடிகாரங்களும் 5 நிமிடங்களுக்கு மேல் விலகியிருந்தாலும் கெர்பரோஸ் வழக்கமாக மறுத்துவிடும் என்பதால் அதையும் பார்த்துவிடுங்கள்.

இவையெல்லாம் மைக்ரோசாஃப்ட் ஆவணங்களில் இருக்கின்றனவே என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கின்றன, ஆனால் அவை தனித்தனிப் பக்கங்களில் கிடக்கின்றன, ஒன்றைத் தீர்த்தால் அடுத்த பிழை முளைப்பதை முன்னேற்றமாகப் பார்க்க வேண்டும் என்பதை மேலாளருக்கு யார் விளக்குவது? எங்கள் மேலாளர் ஒவ்வொரு முறையும் சொன்ன தீர்வு, எஸ்ஏ கணக்கின் கடவுச்சொல்லைச் செயலிக்குக் கொடுத்துவிடலாமே என்பதுதான். சர்வரின் முழு அதிகாரமும் கொண்ட கணக்கை எளிய உரைக் கோப்பில் எழுதி வைக்கச் சொல்பவர்கள், பின்னர் தணிக்கையில் கேள்வி எழும்போது தரவுத்தள நிர்வாகியைத்தான் கைகாட்டுவார்கள்.

எஸ்.க்யூ.எல். லாகினே (டொமைன் கணக்கு இல்லாமல் சர்வரிலேயே உருவாக்கும் பெயரும் கடவுச்சொல்லும்) கூடாது என்று நான் சொல்லவில்லை. டிரஸ்டுக்கு வழியே இல்லாத இடத்தில், தேவையான அட்டவணைகளுக்கு மட்டும் உரிமை கொடுத்துத் தனி லாகின் ஒன்றை உருவாக்குவதுதான் முறை. அதற்குச் சர்வரில் விண்டோஸ் கணக்குகளோடு எஸ்.க்யூ.எல். லாகின்களையும் ஏற்கும் கலப்பு அங்கீகார முறை இயக்கப்பட்டிருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் நீங்கள் மட்டும் நுழைந்தால் போதுமென்றால், வேறொரு கணக்கில் நிரலைத் திறக்கும் ரன்ஆஸ் கட்டளையை, அந்தக் கணக்கை நெட்வொர்க் இணைப்புக்கு மட்டும் பயன்படுத்தும் நெட்ஒன்லி தெரிவோடு பயன்படுத்தி அந்த டொமைனின் கணக்கைக் கொடுக்கலாம். தவறான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் நிரல் திறந்துகொள்ளும், சர்வரிடம் போன பிறகுதான் மறுப்பு வரும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.