மைனர் பிரபுவும் ஒழுக்கமான சீமாட்டியும்: இந்தக் கதைகளைப் படிக்கும் பெண்கள் ஏமாந்து போவார்களா?

கல்லூரியில் படிக்கும் உங்கள் மகள் ஆங்கிலச் சரித்திரக் காதல் நாவல்களிலேயே மூழ்கிக் கிடக்கிறாள், எல்லாவற்றிலும் கட்டுப்பாடான ஒரு சீமாட்டி பெண் பித்தனான ஒரு பிரபுவைத் திருத்தி மணக்கிறாள், இதைப் படித்துவிட்டு நாளை எவனோ ஓர் ஊதாரியை நம்பிவிட மாட்டாளா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நாவல்களில் ஒன்றையும் நீங்கள் முழுதாகப் படித்ததில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். படித்திருந்தால் பொறுத்தருள்க.

புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகக் குவியலைக் கிளறி இவற்றை வாங்கிப் படிக்கத் தொடங்கியவள் நான். இப்போது பேரன் எடுத்துவிட்டேன், இன்னும் விடவில்லை. இவை மகத்தான இலக்கியம் என்று நான் வாதாட வரவில்லை. கொச்சையானவையும் அரைத்த மாவையே அரைப்பவையும் அவற்றில் நிறைய உண்டு. ஆனால் இவற்றை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஆங்கிலம் ஓர் எழுத்தும் அறியாத என் மாமியார்.

அவர் கடலூர் முதுநகரில் பிறந்து வளர்ந்தவர். மாலை வேளையில் முற்றத்தில் கால் நீட்டி அமர்ந்து, ஈரத்துணியில் போட்டு வைத்த கனகாம்பரத்தை வாழைநாரில் கட்டிக்கொண்டே, நான் படிக்கும் கதையைச் சொல்லச் சொல்வார். ஒரு நாள், இலண்டனில் சீட்டாட்டமும் குதிரைப் பந்தயமுமாகத் திரியும் ஒரு பிரபு, பாதிரியார் வீட்டுப் பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கும் கட்டத்தை நான் உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் நாரை முடிச்சுப் போட்டு இழுத்துவிட்டு, "அதெல்லாம் சரிம்மா, அவனுக்குக் கடன் எம்மாம் இருக்கு? இந்தப் பொண்ணு கொண்டாற சொத்து யாரு பேர்ல இருக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனபோதுதான் கதைகளின் உள்ளே இருக்கும் எலும்பு தெரிந்தது.

இந்த நாவல்களில் பெரும்பாலானவை நடக்கும் 1811 முதல் 1820 வரையான காலத்தில், இங்கிலாந்தில் மணமான பெண்ணுக்குச் சட்டத்தின் கண்ணில் தனி இருப்பே இல்லை. அவளுடைய பணமும் நகையும் தாலி ஏறிய கையோடு, அவர்கள் வழக்கப்படி மோதிரம் ஏறிய கையோடு, கணவனுக்குச் சொந்தமாகிவிடும். நிலம் அவள் பெயரில் இருந்தாலும் வருமானம் அவன் கைக்கே போகும். வசதியுள்ள வீடுகளில் மட்டும் தகப்பனார் முன்கூட்டியே வக்கீலை வைத்து ஒப்பந்தம் எழுதி, பெண்ணின் பங்கை அறங்காவலர்கள் பொறுப்பில் விட்டுவைப்பார். மணமுறிவு வேண்டுமென்றால் அதற்கென்று நாடாளுமன்றத்தில் ஒரு தனிச் சட்டமே நிறைவேற வேண்டும். 1857இல் நீதிமன்றத்துக்கு வழி திறந்தபோதும், மனைவியின் பிழைக்குக் கணவன் எளிதில் விலகலாம், கணவனின் பிழைக்கு மனைவி விலகுவதென்றால் அவனுடைய கொடுமையையோ கைவிட்டுப் போனதையோ சேர்த்து நிரூபித்தாக வேண்டும் என்றுதான் விதி இருந்தது. சொத்து முழுமையாக அவள் கையில் நிற்க 1882ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது.

ஆகவே அந்தச் சீமாட்டிக்குப் பேரம் பேசும் வலிமை இருந்தது, அவள் "சரி" என்று சொல்வதற்கு முந்தைய அந்தச் சில மாதங்களில் மட்டும்தான். நாவலாசிரியைகள் நானூறு பக்கங்களையும் அந்தச் சில மாதங்களிலேயே செலவிடுவது இதனால்தான் என்பது என் கருத்து. நம் மருதத் திணையை நினைத்துப் பாருங்கள். பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவனுக்குத் தோழி வாயில் மறுக்கிறாள், தலைவி ஊடுகிறாள். ஆனால் அவன் ஏற்கெனவே கணவன், கதவை எத்தனை நாள் சாத்தி வைக்க முடியும்? ஆங்கிலக் கதையின் நாயகியோ அவன் கணவனாகும் முன்பே கதவைச் சாத்துகிறாள்.

இதை இங்குள்ள ஒரு வாசகர் வட்டத்தில் சொன்னபோது, பெரியவர் ஒருவர், "பெண்களுக்குப் பொழுது போகாததற்கு இப்படியொரு வியாக்கியானமா?" என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். போர்க்களத்தில் யானை செத்த கணக்கை அவர் வாரந்தோறும் வாசிப்பதை நாங்கள் கைகட்டிக் கேட்கிறோமே, அது வரலாறு, இது பொழுதுபோக்கா? அன்று நான் அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

புதுச்சேரி 1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு, டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில் ஒரு பிரெஞ்சுக்காரருக்குக் கேத்தரின் என்ற பெண் பிறந்தாள். பதினைந்து வயது நிரம்பும் முன்பே அவள் வங்காளத்துச் சந்திரநாகூரில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர் கிராண்டுக்கு மணமுடிக்கப்பட்டாள். 1778 டிசம்பரில் ஓர் இரவு, வங்காள ஆட்சிக் குழுவின் உறுப்பினரும் இலண்டனில் மனைவி மக்களை விட்டு வந்தவருமான பிலிப் பிரான்சிஸ், கணவர் இல்லாத நேரத்தில் ஏணி வைத்து அவள் வீட்டுக்குள் இறங்கி வேலையாட்களிடம் அகப்பட்டார். கல்கத்தா உச்ச நீதிமன்றம் மறு ஆண்டு அவருக்கு 50,000 ரூபாய் இழப்பீடு விதித்தது. அந்தப் பணம் கணவருக்கு. வழக்கில் அவள் வாதியும் அல்ல, பிரதிவாதியும் அல்ல. பின்னாளில் அவள் பாரிசில் நெப்போலியனின் அமைச்சர் தாலிரானை 1802இல் மணந்தாள் என்பது வேறு கதை. அவரும் பெண்கள் விஷயத்தில் பெயர் போனவர்தான்.

நாவலில் மைனர் திருந்துவது ஆசிரியை தரும் உத்தரவாதம், வாழ்க்கையில் அதற்கு ஜாமீன் யாரும் கிடையாது என்பது உங்கள் மகளுக்கும் தெரிந்திருக்கும். கல்லூரிக்குப் போகும் பெண்ணை அவ்வளவு வெகுளியாக நினைக்க வேண்டாம். புத்தகத்தைப் பிடுங்கினால் கைப்பேசியில் படிப்பாள். அதைவிட, அவள் இப்போது படிக்கும் கதையில் நாயகனுக்குக் கடன் எவ்வளவு, நாயகியின் பணத்துக்கு ஒப்பந்தம் எழுதியாயிற்றா என்று சாப்பாட்டு வேளையில் கேட்டுப் பாருங்கள். பல நாவல்களில் இதற்குப் பதில் உண்மையிலேயே எழுதப்பட்டிருக்கும், பெரும்பாலும் வக்கீல் வரும் அத்தியாயத்தில்.