நிலத்தை அடகு வைத்துக் கலெக்டர் ஆக வேண்டாம்

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சென்ற வாரம் ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. மகள் திருச்சியில் பி.எஸ்சி. புள்ளியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவளை இரண்டு ஆண்டுகள் தில்லியில் தங்கவைத்து ஐ.ஏ.எஸ். பயிற்சி கொடுத்தாக வேண்டும் என்பது தாய்மாமனின் தீர்மானம். கட்டணம், விடுதி, சாப்பாடு என்று ஐந்து லட்சத்துக்குக் கணக்குப் போட்டு, இருக்கிற மூன்று ஏக்கரில் ஒன்றை அடகு பிடிக்க ஆளையும் அவரே பார்த்து வைத்திருந்தார். தந்தை அதிகம் பேசவில்லை. தாய் மட்டும், "கலெக்டர் ஆனால்தானே சார் நாலு பேருக்கு நல்லது செய்ய முடியும்?" என்று கேட்டார். அன்று நான் சொன்ன பதிலை, அதே நிலையில் இருக்கும் பிற பெற்றோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

அம்மா, உங்கள் கேள்வி நல்ல கேள்வி. அதில் உள்ள 'தான்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. ஐ.ஏ.எஸ். உள்ளிட்ட பணிகளுக்கு ஆள் எடுக்கும் குடிமைப்பணித் தேர்வுக்கு 2023ஆம் ஆண்டில் 10,16,850 பேர் விண்ணப்பித்தார்கள். முதனிலைத் தேர்வை எழுதியவர்கள் 5,92,141 பேர். முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்கள் 14,624 பேர். இறுதியில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,016 பேர். அந்த ஆண்டு ஐ.ஏ.எஸ். இடங்கள் 180. இந்த எண்களைச் சொல்லிப் பயமுறுத்துவது என் நோக்கமன்று, கடினமான தேர்வு என்பதற்காக ஒன்றை விட்டுவிடத் தேவையில்லை. நான் அஞ்சுவது வேறொன்றுக்கு: முதனிலையிலேயே நின்றுபோகிற பிள்ளை, தான் பட்டம் பெற்ற பாடத்தை இரண்டு மூன்று ஆண்டுகள் தொடாமல் இருந்துவிட்டு, இருபத்தைந்து வயதில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அந்த இழப்பைத் தாய்மாமன் தம் ஐந்து லட்சத்தில் சேர்க்கவில்லை.

மாமா கைபேசியோடு வெளியே போயிருந்த பத்து நிமிடத்தில் உங்கள் மகள் என்னிடம் பேசியது உங்களுக்கும் நினைவிருக்கும். உங்கள் ஊர் வயலில் விளைச்சலை அளக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு வந்தவர்கள், சமவாய்ப்பு எண்ணை (குலுக்கல் போல வருகிற எண்ணை) வைத்து எந்தப் புல எண் என்று முடிவு செய்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு பிடித்து, அந்தச் சதுரத்துக்குள் விளைந்த நெல்லை மட்டும் அறுத்து அடித்து எடை போட்டதை அவள் விவரித்தபோது இருந்த உற்சாகம், ஐ.ஏ.எஸ். என்ற பேச்சு வந்தபோது இல்லை. அந்தச் சதுரத்து நெல்லின் எடைதான், முந்தைய ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிடப்பட்டு, உங்கள் ஊருக்குப் பயிர்க் காப்பீட்டுத் தொகை உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. ஐயா, இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குரூப் தேர்வுகளையும் வங்கி வேலைகளையும் பற்றிச் சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர் ஒன்று இருக்கிறது: இந்தியப் புள்ளியியல் பணி. 1961இல் தொடங்கப்பட்ட இந்த மத்திய அரசுப் பணிக்கும், ஐ.ஏ.எஸ். தேர்வை நடத்தும் அதே யு.பி.எஸ்.சி.தான் (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வு நடத்துகிறது. புள்ளியியலை ஒரு பாடமாகக் கொண்ட இளநிலைப் பட்டமே போதும். வயது 21 முதல் 30 வரை, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வும் உண்டு. முதனிலை என்ற தனிக் கட்டம் கிடையாது. பொது ஆங்கிலத்துக்கும் பொது அறிவுக்கும் தலா 100, புள்ளியியலில் நான்கு தாள்களுக்குத் தலா 200 என எழுத்துத் தேர்வு 1,000 மதிப்பெண்ணுக்கும், நேர்முகம் 200 மதிப்பெண்ணுக்கும் நடக்கின்றன. ஆக, 1,000இல் 800 மதிப்பெண் உங்கள் மகள் விரும்பிப் படிக்கும் பாடத்திலேயே இருக்கிறது. தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய், ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கும் தொடக்கத்தில் அதுவே.

அதிகாரம் உண்டா என்று மாமா கேட்டார். சைரன் வைத்த கார் கிடையாது. ஆனால் கொள்கை எங்கே உருவாகிறது என்று பாருங்கள். 2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், நாட்டின் ஊரக மக்களில் 75 விழுக்காட்டினரும் நகர்ப்புற மக்களில் 50 விழுக்காட்டினரும் வரை அதன்கீழ் மானிய விலையில் தானியம் பெறலாம் என்றது. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று பிரித்தது 2011-12ஆம் ஆண்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டுக்கு ஊரகத்தில் 62.55, நகரத்தில் 37.79 என்று வந்தது. எல்லோருக்கும் ரேஷன் என்ற நம் முறையைக் கைவிடாமல் இருக்க, மீதிச் சுமையை மாநிலமே ஏற்க வேண்டியதாயிற்று. வீடுவீடாகப் போய் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டு எழுதும் அந்தக் கணக்கெடுப்பை வடிவமைப்பதும் மேற்பார்வையிடுவதும் இந்தப் பணியின் அதிகாரிகள். 2022-23இல் அது 2,61,746 வீடுகளில் நடந்தது. வேளாண்மை, சுகாதாரம், தொழிலாளர் நலம் என்று பல அமைச்சகங்களிலும் இவர்களுக்கு இடம் உண்டு.

இதற்கு முதுகெலும்பும் வேண்டும். வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு அறிக்கைக்கு, அரசின் புள்ளிவிவரப் பணிகளை மேற்பார்க்கும் தேசியப் புள்ளியியல் ஆணையம் ஒப்புதல் தந்த பின்னும் அது வெளியிடப்படவில்லை என்று சொல்லி, 2019 ஜனவரியில் ஆணையத்தின் செயல் தலைவர் பி.சி. மோகனனும், உறுப்பினராக இருந்த பேராசிரியர் ஜே.வி. மீனாட்சியும் பதவி விலகினார்கள். மோகனன் இந்தியப் புள்ளியியல் பணியிலிருந்து வந்தவர். அரசியல் ஞானம் அமைச்சர்களிடம் மட்டுமே குடியிருப்பதில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்குச் சில பத்து இடங்களே அறிவிக்கப்படுகின்றன. குடிமைப்பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், இதை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். பெரும்பாலும் தில்லி வாசம். அப்படியிருந்தும் நான் இதை வலியுறுத்துவதற்குக் காரணம், இதற்கான படிப்பும் எம்.எஸ்சி. பாடத்திட்டமும் ஏறக்குறைய ஒன்றே என்பதுதான். தேர்வில் தவறினாலும் மத்திய அரசின் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பணி, ரிசர்வ் வங்கியின் புள்ளியியல் பிரிவு, நம் மாநிலத்தின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை ஆகிய கதவுகள் அதே படிப்புக்குத் திறக்கும். கொல்கத்தாவில் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம், கல்விக் கட்டணம் வாங்காமல் மாத உதவித்தொகையும் தந்து மாணவர்களைப் படிக்கவைத்து வந்திருக்கிறது. முதலில் அதன் நுழைவுத் தேர்வை அவள் எழுதட்டும். கிடைக்காவிட்டால் சென்னையில் அரசுக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. சேரட்டும்.

செலவு விஷயத்தில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அந்த ஒரு ஏக்கரை அடகு வைக்கக் கூடாது. பின்னாளில் உங்கள் மகளே ஐ.ஏ.எஸ். எழுத விரும்பினால், சென்னையில் தமிழக அரசு நடத்தும் குடிமைப்பணிப் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் தேர்வாகிறவர்களுக்கு முதனிலைத் தயாரிப்புக்கு மாதம் 7,500 ரூபாயும் தருகிறார்கள். ஆனால் அந்த விருப்பத்தை அவள் வாயால் நான் கேட்க வேண்டும்.

அடுத்த மாதம் மறுபடி வருகிறோம் என்றீர்கள். மாமாவையும் அழைத்து வாருங்கள், அவரிடம் நானே பேசுகிறேன். ஆனால் முதல் அரை மணி நேரம் அவரும் நீங்களும் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும்.