ஒரே கணினியில் மூன்று யூசர் பெயரில் மூன்று ஸ்கிரிப்ட் தானாக ஓட என்ன வழி? நான் டபுள் கிளிக் செய்தால் ஓடுகிறது, ஷெட்யூலரில் போட்டால் ஓடுவதில்லை.

உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. டபுள் கிளிக் செய்து பார்த்தது உங்கள் பெயரில். ராத்திரி ஓட வேண்டியது வேறொருவர் பெயரில். அந்தப் பெயருக்கு ஸ்கிரிப்ட்டை ஓட்டும் உங்கள் பைத்தான் தெரியாது, நீங்கள் நெட்வொர்க்கிலிருந்து இணைத்த இசட் டிரைவ் தெரியாது, உங்கள் டெஸ்க்டாப்பும் தெரியாது.

விண்டோஸ் 10 அல்லது 11, புரோ பதிப்பு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஹோம் பதிப்பில், கணக்குகளுக்கு உரிமை கொடுக்கும் லோக்கல் செக்யூரிட்டி பாலிசி திரையே கிடையாது, அங்கே பாதி வழி அடைபடும். 'எல்லாவற்றையும் சிஸ்டம் கணக்கில் (விண்டோஸே பயன்படுத்தும், மிக அதிக உரிமையுள்ள கணக்கு) ஓட்டினால் போச்சு, எதற்கு இத்தனை பாடு' என்று ஒருவர் வருவார். ஓடும், மறுக்கவில்லை. ஸ்கிரிப்ட்டில் ஒரு அழிக்கும் கட்டளை தப்பான ஃபோல்டரில் விழுந்தால் அதைத் தடுக்க அந்தக் கணக்கில் ஏறக்குறைய ஏதும் இருக்காது. கணக்குகளைப் பிரித்து வைப்பதே அதற்குத்தான்.

முதலில் கணக்குகள். ஆட்கள் லாகின் செய்யும் கணக்குகளில் ஸ்கிரிப்ட்டை மாட்டாதீர்கள். வேலைக்கென்றே தனி லோக்கல் கணக்குகள் உருவாக்குங்கள், அட்மின் குழுவில் சேர்க்க வேண்டாம். கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் வழியாக உருவாக்கினால் 'அடுத்த லாகினில் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டும்' என்ற டிக் தானாகவே விழுந்திருக்கும். அதை எடுத்துவிட்டு 'பாஸ்வேர்ட் காலாவதி ஆகாது' என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸின் இயல்பு விதிப்படி லோக்கல் பாஸ்வேர்டின் ஆயுள் 42 நாள். 'ஒன்றரை மாதம் நன்றாக ஓடியது, திடீரென்று நின்றுவிட்டது' என்ற புலம்பலில் பாதி இந்த 42-தான். பாஸ்வேர்டைக் காலியாக விடுவதும் உதவாது. பாஸ்வேர்ட் இல்லாத கணக்கை நேரில் உட்கார்ந்து லாகின் செய்ய மட்டுமே விண்டோஸ் அனுமதிக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கைப் பயன்படுத்தினால், நீங்கள் தினமும் தட்டும் பின் எண்ணை ஷெட்யூலர் ஏற்காது. கணக்கின் உண்மையான பாஸ்வேர்ட் வேண்டும்.

அடுத்து உரிமை. லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் யூசர் ரைட்ஸ் அசைன்மென்ட் போய், 'லாக் ஆன் அஸ் எ பேட்ச் ஜாப்' (ஆள் இல்லாமல் பின்னணியில் ஓடும் உரிமை) பட்டியலில் மூன்று பெயரையும் சேருங்கள். அதே இடத்தில் 'டினை' என்று தொடங்கும் இன்னொரு பட்டியல் உண்டு. அதில் பெயர் இருந்தால் முதல் பட்டியல் செல்லாது. அலுவலக டொமைனில் உள்ள கணினியானால் நீங்கள் சேர்த்ததைக் குரூப் பாலிசி (அலுவலகம் மையமாக அனுப்பும் விதிகள்) திரும்ப அழித்துவிடலாம், அப்போது நிர்வாகியிடம்தான் போக வேண்டும்.

இனி டாஸ்க் ஷெட்யூலர். அட்மினாகத் திறந்து ஒவ்வொரு கணக்குக்கும் தனி டாஸ்க் போடுங்கள். ஜெனரல் டேபில் 'சேஞ்ச் யூசர் ஆர் குரூப்' அழுத்திப் பெயரை மாற்றி, 'லாகின் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குக் கீழே 'பாஸ்வேர்டைச் சேமிக்காதே' என்ற ஒரு சின்ன டிக் இருக்கும். ஸ்கிரிப்ட் இந்தக் கணினிக்குள் இருக்கும் ஃபைல்களை மட்டும் தொடுகிறது என்றால் அதைப் போட்டுவிடுங்கள். பிறகு பாஸ்வேர்ட் மாறினாலும் டாஸ்க் நிற்காது. வேறு கணினியின் ஷேர் ஃபோல்டருக்குப் போகிறது என்றால் போடக்கூடாது, அந்த டிக் இருந்தால் நெட்வொர்க்கில் அடையாளம் காட்ட எதுவும் கையில் இருக்காது.

ஆக்ஷன்ஸ் டேபில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். புரோகிராம் கட்டத்தில் பைத்தானின் முழுப் பாதையையும் கொடுங்கள். உங்கள் பெயரில் மட்டும் நிறுவிய பைத்தான் உங்கள் சொந்த ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருக்கும், மற்றக் கணக்குக்கு அது எட்டாது. 'எல்லா யூசர்களுக்கும்' என்று மறுபடி நிறுவுங்கள். 'ஸ்டார்ட் இன்' கட்டத்தைக் காலியாக விட்டால் ஸ்கிரிப்ட் சிஸ்டம்32 ஃபோல்டரில் நின்றுகொண்டு தன் ஃபைல்களைத் தேடும். அந்தக் கட்டத்தில் மேற்கோள் குறி போடாமல் பாதையை எழுதுங்கள், இடைவெளி உள்ள பாதையானாலும் சரி. பக்கத்துக் கட்டங்களில் மேற்கோள் வேண்டும், இதில் மட்டும் கூடாது. ஏன் இப்படி வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். இசட் டிரைவ் போன்ற எழுத்து டிரைவ்கள் உங்கள் லாகினோடு வந்து உங்கள் லாகினோடு போகிறவை. ஷேருக்கு இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும் முழு முகவரியைக் கொடுங்கள்.

கண்டிஷன்ஸ் டேபில் 'மின்சார இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு' என்பது இயல்பாகவே டிக் ஆகியிருக்கும். லேப்டாப் என்றால் எடுத்துவிடுங்கள். செட்டிங்ஸில் 'நேரம் தவறினால் முடிந்தவரை சீக்கிரம் ஓடு' என்பதைப் போடுங்கள்.

ஸ்கிரிப்ட் ஃபோல்டரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை. சி டிரைவின் வேரில் புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாக்கினால், அந்தக் கணினியில் லாகின் செய்யும் யாரும் அதில் உள்ள ஃபைலைத் திருத்தலாம் என்பதே விண்டோஸின் இயல்பு அனுமதி. உங்கள் மூன்றாவது ஸ்கிரிப்ட் அதிக உரிமையுள்ள கணக்கில் ஓடுகிறது, அதன் ஃபைலோ எல்லோரும் எழுதக்கூடிய இடத்தில் கிடக்கிறது என்றால், முதல் கணக்குக்காரர் அதில் ஒரு வரி சேர்த்தால் போதும், ராத்திரி அது மூன்றாவது கணக்கின் உரிமையோடு ஓடும். ஆகவே ஆளுக்கொரு ஃபோல்டர். பர்மிஷனில் இன்ஹெரிட்டன்ஸை (மேல் ஃபோல்டரின் அனுமதி தானாக இறங்குவதை) நிறுத்தி, அந்தக் கணக்குக்கு ஸ்கிரிப்ட்டைப் படிக்கவும் ஓட்டவும் மட்டும் அனுமதி, லாக் (ஓட்டத்தின் பதிவு) எழுதும் உள்ஃபோல்டருக்கு மட்டும் மாடிஃபை, அதாவது திருத்தும் அனுமதி.

திரையில் சன்னலைத் திறந்து பட்டனை அழுத்தும் வகை ஸ்கிரிப்ட் என்றால் மேலே சொன்னது எதுவும் பலிக்காது. லாகின் இல்லாமல் ஓடும் டாஸ்க், பின்னணி வேலைகளுக்கான செஷன் பூஜ்யத்தில் ஓடுகிறது. விஸ்டா காலத்திலிருந்து அந்தச் செஷனுக்கும் நீங்கள் பார்க்கும் திரைக்கும் தொடர்பு கிடையாது. எக்ஸெலை ஆள் இல்லாமல் இப்படி இயக்குவதை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை. ஏதாவது ஒரு எச்சரிக்கைப் பெட்டி திறந்து, 'ஓகே' அழுத்த ஆளில்லாமல் விடிய விடியக் காத்திருக்கும். எக்ஸெல் ஃபைலை மட்டும் படித்து எழுதுவதானால் ஓப்பன்பைஎக்ஸெல் என்ற பைத்தான் லைப்ரரி போதும், எக்ஸெலே வேண்டாம். திரை இல்லாமல் முடியாது என்றால் கணக்குக்கு ஒரு விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஒரு மென்பொருள் கணினி) வைப்பதுதான் நேர்மையான வழி.

வேறொரு கணக்கின் பெயரில் நிரலைத் தொடங்கும் ரன்அஸ் கட்டளையில் பாஸ்வேர்டைச் சேமித்து வைக்கும் வித்தையைப் பல வீடியோக்கள் காட்டுகின்றன. அப்படிச் சேமித்தால் அந்த ஒரு ஸ்கிரிப்ட்டை மட்டுமல்ல, எந்த நிரலையும் உங்கள் லாகினிலிருந்து அந்தக் கணக்கின் பெயரில் தொடங்கலாம். அட்மின் பாஸ்வேர்டை அப்படிச் சேமிப்பதும் வீட்டுச் சாவியை வாசற்படியில் வைப்பதும் ஒன்றுதான். சோதனைக்கு மட்டும் ரன்அஸ் நல்லது: அந்தப் பெயரில் ஒரு கமாண்ட் சன்னலைத் திறந்து ஸ்கிரிப்ட்டைக் கையால் ஓட்டிப் பாருங்கள். பைத்தான் பிரச்சினையும் பர்மிஷன் பிரச்சினையும் அங்கேயே தெரிந்துவிடும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. காரணமில்லாமல் தவணை முறையில் மாற்ற வைக்கக் கூடாது என்று அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே எழுதியது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் பரிந்துரையிலிருந்து அந்த விதியை நீக்கியது. இங்கே மட்டும் ஒவ்வொரு முதல் தேதியும் டாஸ்க்குகள் செத்து விழும், பழி ஸ்கிரிப்ட் எழுதியவர் தலையில்.

எது தவறினாலும் ஊகிக்காதீர்கள். ஷெட்யூலரில் ஹிஸ்டரி இயல்பாக அணைந்திருக்கும், வலப்பக்கம் 'எனேபிள் ஆல் டாஸ்க்ஸ் ஹிஸ்டரி' அழுத்துங்கள். அதில் வரும் பிழை எண் 2147943726 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 2147943785 என்றால் பேட்ச் உரிமை இல்லை. 2147942667 என்றால் 'ஸ்டார்ட் இன்' பாதை தவறு, பெரும்பாலும் அந்த மேற்கோள் குறி. டாஸ்க் தொடங்கி, முடிவில் 1 என்று மட்டும் காட்டினால் கோளாறு பெரும்பாலும் ஷெட்யூலரில் இல்லை, உங்கள் ஸ்கிரிப்ட்டுக்குள்ளே. ஸ்கிரிப்ட்டின் வெளியீட்டை லாகுக்குத் திருப்பிவிடும் '>' குறி ஆர்கியுமென்ட் கட்டத்தில் நேரடியாக வேலை செய்யாது. அந்தக் கட்டளையை ஒரு பேட்ச் ஃபைலுக்குள் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் ஃபைல்) வைத்து, பிழைச் செய்திகளும் அதே லாகுக்குப் போகும்படி எழுதுங்கள்.

மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட வேண்டுமானால் பத்து நிமிட இடைவெளியை நம்ப வேண்டாம். முதலாவது முடிந்ததும் அன்றைய தேதியில் ஒரு சின்ன ஃபைலை எழுதட்டும். இரண்டாவது அதைப் பார்த்த பிறகே தொடங்கட்டும், இல்லையென்றால் பிழை எண்ணோடு வெளியேறட்டும்.

கடைசிச் சோதனையை உங்கள் லாகினில் 'ரன்' அழுத்தி முடித்துவிடாதீர்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்து, லாகின் திரையிலேயே விட்டுவிட்டு, நேரம் கடந்த பிறகு உள்ளே போய் மூன்று லாகையும் திறந்து பாருங்கள்.