ஹூண்டாய் கிரெட்டா 1.5 பெட்ரோல் காருக்குக் கோன் ஃபில்டர் (கூம்பு வடிவத் திறந்த ஏர் ஃபில்டர்) போடலாமா?

வேண்டாம். ஓவர்டேக் செய்யும்போது திணறுகிறது என்பதற்காக ஏர் இன்டேக்கை, அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் வழியை, மாற்றிப் பயனில்லை. 115 பிஎஸ் தரும் டர்போ இல்லாத எஞ்சினில் கூடுவது பெரும்பாலும் சத்தம்தான். அந்த உறுமலைக் கேட்டே வண்டி பறப்பதாக நமக்குத் தோன்றிவிடும்.

சாதாரண ஓட்டத்தில் காற்றை மட்டுப்படுத்துவது ஃபில்டர் அல்ல, பாதி மூடியிருக்கும் த்ராட்டில் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்று வால்வு). கம்பெனி ஏர் ஃபில்டர் பாக்ஸ் முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை இழுக்கிறது. அதைக் கழற்றித் திறந்த கோனை மாட்டினால், பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக்காற்றுதான் உள்ளே போகும். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. நெரிசலில் ஊர்ந்துவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்பைவிட மந்தமாகக்கூட இருக்கலாம்.

முன்பு நன்றாக இழுத்த வண்டிதான் இப்போது திணறுகிறதா? அப்படியானால் முதலில் பாக்ஸின் கிளிப்புகளைத் திறந்து, ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மடிப்புகளுக்குள் செம்மண் தூசி அப்பியிருந்தால் புது பேப்பர் ஃபில்டர் போதும். பாக்ஸில் சருகு கிடந்தால் எடுத்துவிடுங்கள். மூடும்போது ரப்பர் விளிம்பு சரியாக உட்கார வேண்டும். இடைவெளி விட்டால் தூசி நேரே எஞ்சினுக்குள் போகும்.

டர்போ மாடலில் ஈசியு ரீமேப்போடு (எஞ்சின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவதோடு) சேர்த்துச் செய்தால் கதை வேறு, ஆனால் வாரன்டி சிக்கல் வரும். அப்புறம், ஃபில்டரைப் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக இறக்கும் கிட் பக்கம் மட்டும் போகாதீர்கள். மழைநீர் தேங்கிய சாலையில் தண்ணீரை உறிஞ்சினால் கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே போய்விடும்.