கேலரியை அடித்துவிட்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்

கேள்வி: எங்கள் பகுதியின் கலை அறிவியல் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. போட்டி, தேர்வு, பயிற்சி எதுவானாலும் பிள்ளைகள் தேவகோட்டை வழியாக காரைக்குடிக்கு ஓட வேண்டியிருக்கிறது. தொண்டியில் பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை வளாகம் இருக்கிறதே, அங்கோ அதன் பக்கத்திலோ சிந்தெடிக் டிராக், கேலரி, உள்விளையாட்டரங்கம், நீச்சல்குளம் எல்லாம் சேர்ந்த ஒரு வளாகம் வேண்டும் என்று மனு தயாரித்திருக்கிறோம். நகல் இணைத்துள்ளேன். வளைகுடாவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பணம் தரத் தயார். நீங்களும் கையெழுத்துப் போட்டு, பத்திரிகையில் இதை ஓர் இயக்கமாக நடத்துவீர்களா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், தொண்டி

பதில்: இப்போது இருக்கும் மனுவில் போடமாட்டேன். நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்பது வரைக்கும் இருக்கிறது. திறந்த மறுநாள் காலையில் அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்குவது யார், அவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். சில வருஷங்களுக்கு முன்னால் நம் கடற்கரையோரக் கல்லூரி ஒன்றுக்குப் பேசப் போயிருந்தேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். வாசலிலேயே பளபளவென்று ஒரு கருப்பு கிரானைட் கல்வெட்டு, பொன் எழுத்துகளில் பதினைந்து பெயர்கள். பின்னால் உள்விளையாட்டரங்கம், பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆபீஸில் என்றார்கள். ஆபீஸில் கேட்டால், சாவி வைத்திருப்பவர் லீவு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மரத்தரை போட்ட ஷட்டில் கோர்ட் முழுக்க விடைத்தாள் கட்டுகள், மேலே தார்ப்பாய். வெளியே பாஸ்கெட்பால் கம்பத்தைக் கையால் தொட்டேன். பெயிண்ட் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது, உள்ளங்கை முழுக்கத் துரு. வளையத்தை நாலு போல்ட் தாங்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. அதற்குப் பத்தடி தள்ளி, இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, கிழிந்த நண்டு வலையை இழுத்துக் கட்டி, ஒரு பத்துப் பையன்கள் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் பிரமாதம். அந்த அரங்கத்தில் அவர்களுக்குப் பயன்பட்டது அதன் நிழல் மட்டும்தான்.

பணம் கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. கட்டுவதற்குக் கிடைக்கும். எம்.பி.க்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி. எம்.எல்.ஏ.வுக்கும் தனி நிதி உண்டு. மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் டிராக்குக்கும் அரங்கத்துக்கும் கேட்கலாம். உயர்கல்விக்கான பி.எம்.-உஷா திட்டத்தில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு. 2013-இன் கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இத்தனை கதவு இருக்கிறது, தட்டினால் ஒன்றிரண்டாவது திறக்கும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் வரும் பணம். அடுத்த வருஷம் மின்கட்டணம் கட்டவோ, மைதானத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவருக்குச் சம்பளம் தரவோ வராது. தொகுதி நிதியில் கட்டும்போதே, பராமரிப்பைப் பயன்படுத்தும் நிறுவனம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கடிதம் வாங்கிக்கொள்கிறார்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிற முதல்வர் மூன்று வருஷத்தில் ஓய்வு பெற்றுவிடுவார். கடிதம் ஃபைலில் இருக்கும்.

உள்ளூர்க்காரர்களாகிய நமக்கு இன்னொரு பிரச்சினை: உப்புக்காற்று. பாம்பன் பாலத்தைப் பார்க்காதவர்களா நாம்? 1914-இல் திறந்த பாலத்தை எத்தனை தலைமுறை சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தது! கடைசியில் 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். உங்கள் மனுவோடு இருக்கும் எஸ்டிமேட்டில் வேலிக்கு 'இரும்புக் கம்பி வேலி' என்று மட்டும் இருக்கிறது. மதுரையில் போடுகிற அதே எஸ்டிமேட்டை யாரோ ஊர்ப்பெயர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதே காரைக்குடியில்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. துரு பற்றி ஆராய்வது அவர்களுடைய முக்கிய வேலைகளில் ஒன்று. அதற்காக நம் மண்டபம் ஊரிலேயே உலோகங்களைக் கடல்காற்றில் வைத்துப் பார்க்கும் நிலையமும் வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கும் ஆய்வகத்துக்கும் ஒரே ஊர். விளக்குக் கம்பத்துக்கு எந்தப் பூச்சு, போல்ட்டுக்கு எந்த எஃகு என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் என்ன? கான்கிரீட்டுக்கு உவர் தண்ணீர் ஊற்றிக் க்யூரிங் செய்தால் உள்ளே இருக்கும் கம்பி என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொண்டியில் பாதி வீட்டு சன்ஷேட் அதைச் சொல்லும்.

அந்த ஆய்வகம் வந்த கதையையும் உங்கள் வளைகுடா நண்பர்களுக்குச் சொல்லுங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள். இன்றும் நடக்கிறது. செட்டியார் கொடுத்தது ஒரு பாதி. ஆள் போட்டு, வருஷா வருஷம் நிதி ஒதுக்கி நடத்துவதற்கு அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பின்னால் நின்றது. உங்கள் மனுவில் அந்த இரண்டாம் பாதிக்கு ஆள் இல்லை.

இனி டிராக். 400 மீட்டர் டிராக்குக்கு ஏறத்தாழ நாலு ஏக்கர் வேண்டும், பார்வையாளர் இடம் தனி. எட்டு லேன், லேனுக்கு 1.22 மீட்டர். சூரியன் கண்ணில் அடிக்காமல் இருக்க வடக்குத் தெற்காக நீளம் வைப்பார்கள். இங்கேதான் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று குறுக்கே வருகிறது. ஓட்டம் இடஞ்சுற்று. 100 மீட்டர் ஓடுகிற நேர்கோட்டை மேற்குப் பக்கம் வைத்தால் பையன் தெற்கு நோக்கி ஓடுவான், தென்மேற்குக் காற்று முகத்தில் அறையும். கிழக்குப் பக்கம் வைத்தால் முதுகில் தள்ளும். முதுகுக்காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் 100 மீட்டர் ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் சாதனை கணக்கில் வராது. கச்சான் அடிக்கிற மாதங்களில் அந்த 2 மீட்டர் நமக்கெல்லாம் விசிறிக் காற்று. ஆகவே டிராக் வேண்டுமென்றால், கேலரியை அடித்துவிட்டு, அதற்கு ஒதுக்கிய பணத்தில் பாதியைத் தெற்கிலும் மேற்கிலும் மூன்று வரிசை மரத்துக்குக் கொடுங்கள். பனையும் சவுக்கும் இந்த மண்ணில் வராமலா போகும்? இன்றைக்கு நட்டால்தான் டிராக் வரும்போது மரம் தலை தூக்கியிருக்கும். சிந்தெடிக் ரப்பர் எட்டுப் பத்து வருஷத்தில் தேயும், மறுபடி விரிக்க மறுபடி கோடிகள். ஆரம்பத்தில் கிராவல் கொட்டி இறுக்கிய நல்ல மண் டிராக் போதும் என்பது என் கட்சி. ஓட்டப்பந்தய ஆசிரியர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

உள்ளரங்கத்தை அடிக்கவில்லை, கவனித்தீர்களா? இந்தக் காற்றில் ஷட்டில் வெளியே ஆட முடியாது. அது தேவை. விடைத்தாள் கட்டு உள்ளே வரக் கூடாது என்று ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீச்சல்குளத்தை நான் சிவப்பு மையால் அடித்தேன். 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்றால் 25 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 200 நடைக்கு மேல். அதுவும் ஒருமுறை நிரப்ப. நாலு குடம் வைத்த தள்ளுவண்டியைப் பெண்கள் ரோட்டில் தள்ளிக்கொண்டு போகிற மாவட்டம் இது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளைக் காலண்டரில் குறித்து வைக்கிறோம். குளத்துக்கு எந்தத் தண்ணீர் என்று கலெக்டர் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? கடல்நீர் நிரப்பலாம் என்பீர்கள். பம்ப் எத்தனை மாதம் தாங்கும் என்று ஐஸ் கம்பெனிக்காரரைக் கேட்டுப் பாருங்கள். கடற்கரையை ஒட்டிக் கட்டுவதற்குக் கடலோர ஒழுங்குமுறை விதிகளும் உண்டு. ஊர்ப்புறங்களில் பல இடங்களில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டவே விடமாட்டார்கள்.

வாசலில் கடலை வைத்துக்கொண்டு குளம் வெட்டப் பார்க்கிறோம். 1966-இல் மிகிர் சென் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். 1994-இல் குற்றாலீஸ்வரன், அப்போது பள்ளிக்கூடப் பையன். இருவரும் வெளியூர்க்காரர்கள். நம் பிள்ளைகள் தினமும் குளிக்கும் கடல் அது. பாய்மரப் படகும் அப்படித்தான். தொண்டிப் பக்கத்து மீனவ ஊர்களில் திருவிழாவுக்குப் படகுப் போட்டி நடக்கிறதே, கவிழப்போகிற படகை எதிர்ப்பக்கம் சாய்ந்து நிமிர்த்துகிற அந்தப் பையன்களுக்கு யாரும் பயிற்சி தரவில்லை. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டினார், அந்த விளையாட்டில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். நாலு மீட்டர் நீளமுள்ள ஒற்றை ஆள் படகு அது. பல்கலைக்கழகம் அப்படிப் பத்துப் படகு, ஒரு பயிற்சியாளர், ஒரு மீட்புப் படகு, படகு வைக்க ஒரு கொட்டகை என்று கேட்டால் குளத்தின் விலையில் சிறு பங்குதான் ஆகும். கடலியல் துறையே அங்கே இருக்கும்போது காற்றும் நீரோட்டமும் சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை.

மனுவில் இல்லாத ஒன்றை நான் சேர்த்திருக்கிறேன்: பெண்களுக்குக் கழிவறை, உடை மாற்ற ஓர் அறை, மாலை ஆறரைக்குப் பிறகு ஒரு பஸ். ஆறரைக்கு மேல் மைதானத்தில் பெண் பிள்ளைகள் இல்லாமல் போவதற்கு விளையாட்டில் ஆர்வம் இல்லாததா காரணம்? அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. அது அவர்களுக்கும்தானே.

இனி வளைகுடாப் பணம். கட்டிடத்துக்கு வாங்காதீர்கள், அரசு கட்டட்டும். உங்கள் நண்பர்கள் சேர்ந்து ஒரு கோடியைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வைப்பு நிதியாகப் போட்டு, வட்டியை மட்டும் எடுக்கலாம் என்று எழுதி வாங்குங்கள். 7 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 7 லட்சம், மாதம் 58,000 சொச்சம். இரண்டு மைதானப் பணியாளர், பகுதிநேரப் பயிற்சியாளர் ஒருவர், கொஞ்சம் பெயிண்ட். கல்வெட்டில் பெயர் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இருப்பார்கள், அதுவும் இருக்கட்டும். சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் பதித்துவிடுங்கள்.

திருத்திய பிரதியைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மாற்றி எழுதி அனுப்பினால் என் கையெழுத்து முதலில் இருக்கும், பத்திரிகையிலும் இடம் உண்டு. மூன்றாம் பக்கத்தில் 'நீச்சல்' என்பது 'நீச்சள்' என்று அச்சாகியிருக்கிறது. அந்தப் பத்தியே போகப்போகிறது என்பதால் திருத்தாமல் விட்டுவிட்டேன்.