உள்ளரங்கப் போட்டியும் ஒத்துழைக்காத வெளிச்சமும்

கேள்வி: என் மகள் இறகுப்பந்துப் போட்டிகளில் விளையாடுகிறாள். உள்ளரங்கில் நான் எடுக்கும் படங்களில் பாதி கலங்கலாகவும் மீதி இருட்டாகவும் வருகின்றன. அடுத்தடுத்து எடுத்த படங்களில்கூட ஒன்று மஞ்சளாகவும் மற்றொன்று நீலம் பாய்ந்தும் இருக்கிறது. ஃபிளாஷுக்கு அனுமதி இல்லை. ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளியுணர்திறன் அளவை) 800-க்கு மேல் உயர்த்தினால் படம் கெட்டுவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் வேறு கேமரா வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். முதலில் அந்த 800 என்ற வரம்பைக் கைவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் அரங்கம் நமக்கு வெளிச்சமாகத் தெரிகிறது. ஆனால் நண்பகல் வெயிலோடு ஒப்பிட்டால், சாதாரண விளையாட்டு அரங்குகளில் இருக்கும் ஒளி நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. இவ்வளவு குறைந்த ஒளியில் ஐ.எஸ்.ஓ.வையும் தாழ்வாக வைத்தால், கேமரா ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்துத்தான் ஈடுசெய்ய முடியும். அந்த நேரத்தில் உங்கள் மகள் சற்று நகர்ந்துவிடுகிறாள். கலங்கலுக்குக் காரணம் அதுதான்.

ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்குக் குறையாமலும், ஸ்மாஷ் (மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடிக்கும் அடி) அடிக்கும் தருணங்களுக்கு 1/800 அல்லது 1/1000 நொடியாகவும் வையுங்கள். ஒளி உள்ளே புகும் துளையை லென்ஸ் அனுமதிக்கும் அளவுக்கு முழுமையாகத் திறந்துவிட்டு, ஐ.எஸ்.ஓ. 3200, 6400 என்று எங்கே போய் நின்றாலும் போகட்டும் என்று விடுங்கள். அதனால் படத்தில் மணல் தூவியதுபோல் தோன்றும் நாய்ஸை மென்பொருளால் பெருமளவு குறைக்கலாம். அசைவால் அழிந்த முகத்தை எந்த மென்பொருளாலும் உள்ளபடியே மீட்க முடியாது. குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் இருட்டாக எடுத்துப் பின்னர் கணினியில் வெளிச்சம் கூட்டுவதும் நாய்ஸிலிருந்து தப்பும் வழியன்று. நிழற்பகுதிகளில் நாய்ஸ் பெரும்பாலும் இன்னும் அதிகமாகவே தெரியும்.

பந்தை உறைய வைக்க முடியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். 2023-இல் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டி ஒரு சோதனையில் அடித்த உலக சாதனை ஸ்மாஷின் வேகம் மணிக்கு 565 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பந்து 1/1000 நொடிக்குள் 15 சென்டிமீட்டருக்கு மேல் பறந்துவிடும். பந்து கோடாக இழுபட்டாலும் முகமும் கையும் தெளிவாக இருந்தால் அது நல்ல படம்தான். மேலும், குதிப்பவரின் உடல் உச்சியை எட்டும்போது கணநேரம் ஏறாமலும் இறங்காமலும் நிற்கிறது. ஆட்டத்தை அறிந்தவர் அந்தக் கணத்தை முன்கூட்டியே உணர்வார். மகளின் ஆட்டத்தைத் தொடர்ந்து பார்த்துவரும் உங்களுக்கு அது கைவரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நிறம் மாறுவது உங்கள் பிழையன்று, விளக்குகளின் இயல்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் குழல் விளக்குகளும் மெட்டல் ஹாலைடு விளக்குகளும் தரம் குறைந்த எல்.இ.டி.க்களும் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. நம் கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பில் ஒரு சிறு துண்டை மட்டுமே 1/800 நொடி ஷட்டர் பிடிக்கிறது. அது உச்ச ஒளியில் விழுந்தால் படம் பளிச்சென்றும், சரிவில் விழுந்தால் மங்கலாகவும் நிறம் திரிந்தும் வருகிறது. சில வேளைகளில் படத்தின் மேற்பாதி ஒரு நிறம், கீழ்ப்பாதி வேறு நிறம். அண்மைக் காலக் கேமராக்கள் பலவற்றின் மெனுவில் ‘ஆன்டி ஃபிளிக்கர்’ என்ற வசதி உண்டு. அதை இயக்கினால் ஒளி உச்சத்தை அடையும் நேரம் பார்த்து ஷட்டர் திறக்கும். தொடர் படங்களின் வேகம் சற்றுக் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் பெரும்பாலான கேமராக்களில் தவிர்ப்பது நல்லது; ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரை அது வரிவரியாக மெதுவாகப் படிப்பதால் படத்தில் பட்டைகள் விழும். ஆன்டி ஃபிளிக்கர் வசதியே இல்லாத கேமராவானால், படங்களை ‘ரா’ கோப்பாக (சென்சாரின் பதிவை அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுத்து, ஒவ்வொன்றாக நிறம் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

வெளிச்ச அளவீட்டையும் கேமராவிடம் விட்டுவிடாதீர்கள். கருத்த பின்சுவரையும் வெள்ளைச் சட்டையையும் மாறிமாறிப் பார்த்து அது குழம்பும். பயிற்சி ஆட்டத்தின்போதே சில படங்கள் எடுத்து, முகத்தின் வெளிச்சம் சரியாக உள்ளதா என்று பெரிதாக்கிப் பார்த்து, ஷட்டர் வேகம், துளை, ஐ.எஸ்.ஓ. ஆகிய மூன்று அளவுகளையும் மேனுவலில் (நாமே அளவுகளை வைக்கும் முறையில்) நிலைநிறுத்திவிடுங்கள்.

செலவு செய்ய விரும்பினால் லென்ஸுக்குச் செய்யுங்கள். கேமராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸை முழுவதும் நீட்டும்போது துளை பெரும்பாலும் எஃப் 5.6 அளவில் நின்றுவிடும் (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். 85 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை இரவலாகவேனும் வாங்கி ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: என் கேமரா எப்போதும் வலையிலேயே ஃபோகஸ் செய்கிறது. என்ன செய்வது?

பதில்: அருகிலும் ஒளி-இருள் வேறுபாடு மிகுந்தும் இருக்கும் பொருளையே ஃபோகஸ் நாடும், வலை அப்படிப்பட்டது. நகரும் ஆளை விடாமல் பின்தொடரும் ‘தொடர் ஃபோகஸை’த் தேர்ந்தெடுத்து, எல்லாப் புள்ளிகளையும் கேமராவிடம் ஒப்படைக்காமல், ஒரே புள்ளியை அல்லது சிறு தொகுதியை மட்டும் வைத்து வீரரின் மார்பிலோ முகத்திலோ நிறுத்துங்கள். வலைக்கு மேலாகப் பார்க்கும்படி பார்வையாளர் படிக்கட்டில் இரண்டு வரிசை ஏறி நின்றாலே சிக்கலில் பெரும்பகுதி தீரும்.

கேள்வி: கைப்பேசியில் எடுக்க முடியுமா?

பதில்: சிறிய சென்சார் என்பதால் வேகமான ஆட்டத்தில் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். சர்வீஸுக்கு முன் வீரர் அசையாமல் நிற்கும் கணம், புள்ளி வென்றபின் எழும் முகபாவம், பயிற்சியாளரோடு பேசும் இடைவேளை ஆகியவற்றை எடுங்கள். டிஜிட்டல் ஜூமைத் தவிர்த்து, அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இயன்ற அளவு அருகில் செல்லுங்கள். ஃபிளாஷ் தானாக எரியாதபடி முன்பே அணைத்துவிடுங்கள், ஏனெனில் ஸ்மாஷை எதிர்கொள்பவரின் கண்ணில் அது பட்டால் ஒரு புள்ளியே பறிபோகலாம்.