தளத்துக்கு ஆள் வருகிறது, அழைப்பு வரவில்லையே? வணிகத் தள எழுத்து பற்றிய வாசகர் கேள்விகள்

சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் வீட்டு விசேஷங்களுக்கு கேட்டரிங் செய்கிறோம். முகப்பில் "உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்று தொடங்கி எங்கள் வரலாறு, தொலைநோக்கு எல்லாம் எழுதியிருக்கிறோம். பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அழைப்பவர்கள் இல்லை. என்ன குறை?

வரலாறு இருக்கட்டும், அதை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளுங்கள். உங்கள் தளத்தைத் திறப்பவர், வளைகாப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே கைப்பேசியில் நாலைந்து கேட்டரிங் தளங்களைத் திறந்து வைத்திருக்கும் ஒருவர். குறைந்தது எத்தனை பேருக்குச் செய்வீர்கள், தலைக்கு எவ்வளவு, பொங்கோல் வரை வருவீர்களா, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், இவ்வளவுதான் அவருக்குத் தெரிய வேண்டும். இவை முதல் திரையிலேயே இல்லாவிட்டால் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "30 பேரிலிருந்து வாழையிலை விருந்து. தலைக்கு 14 வெள்ளி முதல். தீவு முழுவதும் கொண்டுவருவோம். மூன்று நாள் முன்னால் சொன்னால் போதும்." எண்களை மட்டும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். "தரமான சுவை, சிறந்த சேவை" என்பதை எடுத்துவிடுங்கள். பக்கத்துக் கடையின் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்துகிற வாக்கியம் உங்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து போன மாதம் வந்த செய்திகளைப் படியுங்கள். "புளோக்குக்குக் கீழே விசேஷம், மேசையும் நீங்களே கொண்டுவருவீங்களா?", "மிச்சமான சாப்பாட்டைக் கட்டித் தருவீங்களா?", "வெங்காயம் பூண்டு இல்லாம பத்துப் பேருக்கு மட்டும் தனியா செய்வீங்களா?" இதே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே போட்டு, கீழே நேரான பதிலை எழுதுங்கள். இதைவிட நல்ல உள்ளடக்கத்தை எந்த ஏஜென்சியாலும் உங்களுக்கு எழுதித் தர முடியாது. அப்புறம், முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழ் இருந்தால் அதை முகப்பிலேயே காட்டுங்கள், அதற்காகவே ஒரு கூட்டம் தேடி வரும்.

மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். விலையைப் போட்டால் போட்டியாளர்கள் பார்த்துவிடுவார்களே?

அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருப்பது வாடிக்கையாளருக்கு மட்டும்தான். சரியான விலை சொல்ல முடியாத வேலை என்றால் "இத்தனை வெள்ளியிலிருந்து" என்று போட்டு, எதெல்லாம் அதைக் கூட்டும் என்பதையும் எழுதுங்கள்: காலை ஐந்து மணி முகூர்த்தம், இரண்டாவது சேலை மாற்றுவது, கூட வரும் அக்கா தங்கைகளுக்கான அலங்காரம். படிப்பவர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார், உங்களிடம் வரும்போது பேரம் குறைவாக இருக்கும்.

ஜிஎஸ்டி எனும் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்தவர் என்றால் நீங்கள் காட்டும் விலை அந்த 9 விழுக்காட்டையும் சேர்த்ததாகவே இருக்க வேண்டும். கடைசியில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி போட்டு வரியைத் தனியாக ஏற்றுவது இங்கே செல்லாது. பதிவு செய்யாதவர் ஜிஎஸ்டி என்று எதையும் வாங்கவே கூடாது.

விசாரணைப் படிவத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதி, அடையாள அட்டை எண் எல்லாம் கேட்கிறோம். யாரும் நிரப்புவதில்லை.

நானாக இருந்தாலும் நிரப்ப மாட்டேன். சட்டப்படி தேவைப்படும் இடம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைச் சேகரிக்கக் கூடாது என்பது 2019 செப்டம்பர் முதலே இருக்கிறது. முதலில் அதை எடுங்கள். பெயர், தொலைபேசி எண், "என்ன வேண்டும்?" என்று ஒரு கட்டம், இது போதும். பக்கத்திலேயே வாட்ஸ்அப் பொத்தான் ஒன்றையும் வையுங்கள்.

தளத்தில் 'மெட்டா கீவேர்ட்ஸ்' (பக்கத்தின் நிரல்குறிக்குள், பார்ப்பவர் கண்ணில் படாமல் வைக்கும் தேடல் சொற்கள்) நிரப்ப ஒருவர் மாதாமாதம் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது.

தமிழிலும் பக்கம் வேண்டுமா? ஏஐ வைத்து எழுதிக்கொள்ளலாமா?

உங்கள் வாடிக்கையாளர் யார் என்பதைப் பொறுத்தது. பூஜைப் பொருள், தமிழ் டியூஷன், திருமண ஏற்பாடு என்றால் கண்டிப்பாக வேண்டும், பிள்ளைகள் ஆங்கிலத்தில் தேடினாலும் முடிவெடுப்பது பல வீடுகளில் அம்மாவோ பாட்டியோதான். ஆனால் தமிழைப் படமாக ஒட்டாதீர்கள், எழுத்தாகவே போடுங்கள். படத்தில் உள்ளதை நகலெடுக்கவும் முடியாது, தேடுபொறியும் சரியாகப் படிக்காது. கடைப் பெயரையும் சாலைப் பெயரையும் ஆங்கில எழுத்திலும் ஒருமுறை போடுங்கள், நம் ஆட்கள் அப்படி அடித்துத்தான் தேடுகிறார்கள்.

ஏஐ உதவி எடுப்பதில் தவறில்லை. ஏஐ எழுதியது என்பதற்காக மட்டும் கூகுள் ஒரு பக்கத்தை ஒதுக்குவதில்லை, தேடலில் இடம் பிடிப்பதற்காகவே உபயோகமில்லாத பக்கங்களைக் கொத்துக் கொத்தாகத் தயாரிப்பதைத்தான் 2024 மார்ச்சிலிருந்து கடுமையாகப் பார்க்கிறது. என் கவலை வேறு. உங்கள் வாழையிலை விருந்தில் எத்தனை கூட்டு என்பது அதற்குத் தெரியாது, நீங்கள் சொல்லாவிட்டால் அதுவாகவே ஒன்றை எழுதிவைக்கும். தமிழ்ப் பக்கமானால், வெளியிடும் முன் யாரையாவது வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தையெல்லாம் திருத்துங்கள்.

ஏர்கான் சர்வீஸ் செய்கிறோம். வாரம் ஒரு கட்டுரை போடச் சொல்கிறார்கள். அவ்வளவு என்ன இருக்கிறது எழுத?

வாரம் ஒன்று தேவையில்லை. நன்றாக எழுதிய மூன்று பக்கங்கள் போதும். முதலாவது, ஏர்கானிலிருந்து தண்ணீர் ஒழுகினால் என்ன செய்வது. வடிகால் குழாய் அடைத்திருக்கலாம், வடிகட்டியில் அழுக்கு சேர்ந்து உள்ளே பனி கட்டியிருக்கலாம், உங்கள் ஆள் வரும்வரை ஏர்கானை நிறுத்திவைக்கட்டும் என்று தொலைபேசியில் சொல்வதை அப்படியே எழுதுங்கள். இரண்டாவது, சாதாரண சர்வீஸுக்கும் கெமிக்கல் வாஷுக்கும் என்ன வித்தியாசம், எது யாருக்குத் தேவையில்லை. அந்தத் "தேவையில்லை"யைத் துணிந்து எழுதுங்கள், தேவையில்லாததைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் மக்கள் உங்கள் தளத்துக்கே வருகிறார்கள். மூன்றாவது, விலைப் பட்டியல்.